அஞ்சலை கடையில் இல்லாத பத்துச் சிப்பம்

செலியமேட்டில் அஞ்சலை கடைக்கு எதிரே ஒரு பூவரச மரம் உண்டு. புகையிலை இன்ஸ்பெக்டர் தன் சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு, காக்கிப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். காகிதம் முழுக்க என் கையெழுத்து.

"நீங்கதானே சங்கத்துச் செயலாளர்? கூட வாங்க, ஆளை அடையாளம் காட்டணும்" என்று பாகூர் கடைத்தெருவிலிருந்து என்னையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். நானும் பெருமையாகத்தான் கிளம்பினேன். சர்க்கார் அதிகாரிக்குப் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவதை நாலு பேர் பார்க்கட்டுமே என்று, ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு தடவை பெல் வேறு அடித்தேன்.

அஞ்சலை வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு மூங்கில், மேலே கீற்று, முன்னால் ஒரு பலகை. பலகைமேல் பீடிக்கட்டு, சுருட்டு, வத்திப்பெட்டி, வெற்றிலைக் கூடை. பின்னால் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னில் ஈரத்துணி சுற்றிய கொஞ்சம் புகையிலை. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட உரல்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவன் கோவிந்தன், அஞ்சலையின் புருஷன்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அஞ்சலை. கைம்பெண். வயிறு கழுவ வேறு வழியற்றவள். புகையிலைக் கையிருப்பு, பத்துச் சிப்பம்."

கோவிந்தன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"இன்னாங்க படிச்சீங்க? இன்னொரு தபா படிங்க."

இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். இன்னொரு தடவையும் படித்தார். நான் பூவரச மரத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல அதன் பின்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தேன்.

வாசகருக்குப் பதில்

போன வாரம் இந்தப் பத்தியில், மாட்டு வண்டியோடு ஏரிக்குள் இறங்கிய கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வில்லியனூர்க்காரர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "ஐயா, தங்கள் வாழ்க்கையில் பிறருக்காகத் தாங்கள் பாடுபட்ட சம்பவம் ஒன்றாவது உண்டா?" என்று கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் குத்தல் தெரிகிறது.

உண்டு ஐயா. ஒரு தடவை பிறருக்காக சர்க்காரை எதிர்த்து நின்றிருக்கிறேன். சங்கம் வைத்தேன், ஊர்வலம் போனேன், கோஷம் போட்டேன், மனு எழுதினேன். எல்லாம் புகையிலைக்காக. புகையிலைக்கு வரி போடாதே என்று. மேலே படியுங்கள்.

மேரியில் கற்ற வித்தை

பிரெஞ்சுக்காரன் காலத்தில் நான் பாகூர் மேரியில் ரைட்டராக இருந்தேன். ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீஸைத்தான் எங்கள் பக்கம் மேரி என்போம். அங்கே என் வேலை, வருகிறவர்களுக்கு மனு எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

மனு எழுதுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். செத்தது ஒரு கன்றுக்குட்டி என்றால் மனுவில் இரண்டு எருமை சாகும். சுவர் சாய்ந்தால் வீடு விழும். மனுக்காரர் பெண்ணாக இருந்தால் கைம்பெண் ஆகிவிடுவாள். புருஷன் மேரி வாசலில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாலும் சரி, உள்ளே அவள் கைம்பெண்தான்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மேலே உட்கார்ந்திருந்த பிரெஞ்சு அதிகாரி முசேவுக்கும் இது தெரியும். அவர் படிக்கும்போதே பத்தால் வகுத்துக்கொள்வார். நிஜத்தை அப்படியே எழுதினால்தான் ஆபத்து, அதையும் வகுத்துவிடுவாரே. அதனால் பெருக்கி எழுதுவதுதான் நாணயம் என்று நான் மனசார நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லாரும் தெருவில் ஆடினார்கள். நானும் ஆடினேன். ஆடிய வேகத்தில், "அந்நியன் நாற்காலி எனக்கு வேண்டாம்" என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிக் கொடுக்காமல் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் புதிய சர்க்கார் அதே நாற்காலியில் நிரந்தரமாக்கியது. எனக்கு மைக்கூடு நிரப்பிக்கொண்டிருந்த பையன் என் நாற்காலிக்கு வந்தான்.

நான் பாகூர் கடைத்தெருவில் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு பெட்டிக்கடை வைத்தேன். பீடி, சுருட்டு, புகையிலை.

சென்ட்டு வாசனை

கொஞ்ச நாளில் ஒரு சேதி வந்தது. இந்தியாவில் புகையிலைக்கு என்ன வரியோ அது இனி இங்கேயும் உண்டு, விற்கிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். சேர வேண்டும் சேர வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியபோது, கூடவே இதுவும் வந்து சேரும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

சேதி வந்த மறுவாரமே கம்பெனி ஏஜெண்டும் வந்தார். புதுவையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனி, இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே பீடியும் சிகரெட்டும் புகையிலையும் அங்கிருந்துதான். ஏஜெண்டு கறுப்புக் காரில் வந்து என் கடை முன்னால் இறங்கினார். அவர் இறங்குவதற்கு முன்பே சென்ட்டு வாசனை இறங்கிவிட்டது.

"வணக்கம் சார்" என்றார்.

என் வாழ்நாளில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன்.

"கம்பெனிக்கு ஒண்ணும் இல்ல சார், கம்பெனி தாங்கிக்கும்" என்றார். "ஏழை தாங்குவானா? அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. வரி வேணாம்னு கம்பெனி சொன்னா அங்க யாரும் காது குடுக்க மாட்டாங்க. சின்னக் கடைக்காரங்க சொல்லணும். அதுக்கு ஒரு சங்கம் வேணும். சங்கத்துக்கு உங்களை மாதிரி எழுதத் தெரிஞ்ச ஒரு செயலாளர் வேணும்."

அடுத்த முறை வந்தபோது ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கொண்டுவந்தார். ஸ்டாம்பில் 'செயலாளர்' என்று வட்டமாக இருந்தது. அன்று முழுக்க நான் வியாபாரம் பார்க்கவில்லை. பொட்டலம் கட்டும் காகிதத்தில் எல்லாம் குத்தினேன். வெற்றிலையில் குத்திப் பார்த்தேன், சரியாக விழவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரி கையில் குத்தப் போனேன்.

"மொதல்ல ஒன் நெத்தியில குத்திக்கோ. ஆருன்னு மறந்துடப் போற" என்றாள்.

என் காவியம்

மனுவை மூன்று நாள் எழுதினேன். 'ஏழையின் ஒரே சுகம்' என்று தலைப்பே வைத்துவிட்டேன். மனுவுக்குத் தலைப்பு வைக்கும் வழக்கமே கிடையாது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "பகலெல்லாம் சேற்றில் நின்ற உழவன் மாலையில் பற்றவைக்கும் அந்த ஒற்றைச் சுருட்டையும் அவன் உதட்டிலிருந்து பறிக்கலாமோ" என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே அழுதேன்.

மனுவோடு ஒரு பட்டியல் வைக்கச் சொல்லியிருந்தார் ஏஜெண்டு. கடைக்காரர் பெயர், குடும்ப நிலைமை, கையில் இருக்கும் சரக்கு. "சரக்கைக் கொஞ்சம் தாராளமா எழுதுங்க சார். அரைச் சிப்பம், கால் சிப்பம்னு எழுதினா யார் மதிப்பாங்க? இவ்ளோ சரக்கு முடங்கினா இவ்ளோ குடும்பம் நாசம்னு பயப்படணும்" என்றார்.

எனக்கா சொல்ல வேண்டும்? மேரியில் செய்ததைச் செய்தேன். இருக்கிறதை எல்லாம் பெருக்கினேன். மொத்தமாய்ச் சேர்த்தால் ஒரு சிப்பம்கூடத் தேறாத கடைகளில் எல்லாம் பத்தும் பன்னிரண்டும் எழுதினேன். சிப்பம் என்றால் கோணியில் இறுக்கிக் கட்டி, ஒரு ஆள் தலையில் தூக்கினால் கழுத்து உள்ளே போகிற மூட்டை. அஞ்சலைக்குப் பத்து.

அவள் பெயர் வந்ததும் எனக்குப் பேனா தானாக ஓடியது. கைம்பெண் என்று எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"செலியமேட்டு அஞ்சலையா? அவ புருசன் நேத்துகூட நம்ம கடையில வந்து வம்பளந்துட்டுப் போனானே."

"இருக்கட்டும். மனுவுல ஒரு கண்ணீர் வேணும்டி."

"அதுக்கு அவ தாலிதான் கெடச்சுதா? என்னய எழுதிக்கயேன்."

"நீ கடைக்காரி இல்லையே" என்றேன். அப்போது எனக்கு அது ரொம்பச் சாமர்த்தியமான பதிலாகத் தெரிந்தது.

பிறகு மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போனேன். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள், தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். அஞ்சலை மட்டும் விரலை நீட்டாமல் கேட்டாள்.

"இன்னா எழுதிருக்குது ரைட்டரே? படிச்சுக் காட்டுங்க."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான். இன்னும் ஏழு கடை போவணும், வெயில் ஏறுது. வை."

புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு வைத்தாள். நான் படித்துக்காட்டவில்லை.

ஊர்வலம்

ஊர்வலத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாகூர் கடைத்தெருவிலிருந்து கொம்யூன் ஆபீஸ் வரைக்கும் போனோம். நடந்தால் சுருட்டு ஒன்று முடிவதற்குள் போய்விடலாம். அது போதாது என்று ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனோம். ஏஜெண்டு ஆளுக்கு ஒரு கட்டு பீடி இலவசமாகக் கொடுத்திருந்ததால் கடைக்காரர் அல்லாதவர்களும் கணிசமாக வந்திருந்தார்கள். ஏஜெண்டு மட்டும் வரவில்லை. அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

கோஷம் நான் எழுதியது. 'ஏழை வாய்ப் புகையை அணைக்காதே.' முன்னால் நின்று எடுத்துக்கொடுத்தவன் கோவிந்தன். அவன் குரல் கணீரென்று இருக்கும். "ஏழை வாய்ப் புகையை" என்பான், உடனே இருமல் வந்துவிடும். அவன் இருமி முடிக்கும்வரை மொத்தக் கூட்டமும் காத்திருந்து, பிறகு "அணைக்காதே" என்போம். வழிநெடுக இப்படியே போனது. எல்லாரும் சிரித்தார்கள், கோவிந்தனும் சிரித்தான்.

கொம்யூன் ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டது என் பழைய மைக்கூட்டுப் பையன். "ரைட்டரண்ணா, தலைப்பெல்லாம் வெச்சிருக்கீங்க" என்றான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் பூவரச மரத்தடி

கோவிந்தன் என்னைத் தேடிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் வரவில்லை. அவன் சிரித்துவிட்டான். "ஏ அஞ்சல, நான் செத்துப் பூட்டேனாம். காகிதத்துல இருக்குதாம்" என்றான்.

அஞ்சலை சிரிக்கவில்லை. கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

"இது இன்னா ரைட்டரே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, மரத்தில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்குச் சங்கடம். அதை விட்டுவிட்டு சரக்குக்கு வந்தார். "பத்துச் சிப்பம் எங்கம்மா?" என்றார்.

அவள் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக் காட்டினாள். அவர் டின்னுக்குள் பார்த்தார், கடையைப் பார்த்தார். "இந்தக் கொட்டாய்ல பத்துச் சிப்பம் வெச்சா நீங்க எங்க நிப்பீங்க?" என்று அவரே கேட்டார்.

"அதான் இல்லைங்களே" என்றாள்.

"இல்லேன்னா வித்திருக்கணும். வரி கட்டாம வித்தது குத்தம். வெச்சிருந்தா வரி கட்டணும். கட்டலேன்னா லைசென்ஸ் கிடையாது, கடையை மூடி சீல் வைக்கணும். ஒரு வாரம் டயம் தரேன்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். அந்தப் பலகையை விட்டால் அவள் நாற்று நடத்தான் போக வேண்டும். முழங்கால் வீக்கத்தால் அதை விட்டுவிட்டுத்தான் இந்தக் கடையே வைத்திருந்தாள். இது எனக்குத் தெரியும். மனுவில் எழுத வேண்டியது அதுதான். அதை எழுதவில்லை.

"ஐயா, அது மனுவுக்காக எழுதினதுங்க" என்றேன்.

"மனுவுக்காகன்னா?"

"மனுன்னா அப்படித்தான் எழுதுவோம். படிக்கிறவங்க கொறச்சுக்குவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். "எங்க பக்கம் இப்படி ஒரு பழக்கம் இல்லையே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. மடியிலிருந்து டப்பியை எடுத்து ஒரு சிமிட்டா மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க கம்பெனி கோடவுனை முதல்ல போய்ப் பாத்தேன். காலியா இருந்தது. சரக்கெல்லாம் சின்னக் கடைகளுக்குப் போயாச்சுன்னு ஏஜெண்டு சொன்னார். சாட்சி என்னன்னேன். கொம்யூன்ல நீங்க குடுத்த மனுவைப் பாருங்கன்னார். கட்டைவிரலோட இருக்கே, நான் என்ன செய்ய?"

அத்தனை சிப்பத்தையும் ஏஜெண்டு எங்கேயோ ஒளித்துவிட்டார், அதற்கான வரி எங்கள் தலையில். காகிதத்தில் அதை ஒளித்துவைத்த இடம் என் முத்து முத்தான கையெழுத்து.

ஏஜெண்டின் காலண்டர்

அன்றே பஸ் பிடித்து புதுவைக்குப் போனேன். ஏஜெண்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வரவேற்றார், சோடா வரவழைத்தார்.

"நான் கொஞ்சம் தாராளமாத்தானே எழுதச் சொன்னேன் சார்? நீங்க இவ்ளோ தாராளமா எழுதுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டுபோன வசவுகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சார் என்கிறாரே, எப்படித் திட்டுவது? கிளம்பும்போது ஒரு காலண்டர் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் வந்தேன். என் வீட்டுக்காரி அதை அடுப்புக்கு வைத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ணப் போற?" என்றாள்.

"இன்னொரு மனு எழுதணும்."

"எழுது. இந்தத் தபா அழுவாம எழுது."

இரண்டாவது மனு

அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. 'முன் மனுவில் கண்ட கையிருப்பு யாவும் பொய். எழுதியவன் நான். கட்டைவிரல் வைத்தவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது, நான் படித்துக்காட்டவில்லை' என்று ஆரம்பித்தேன். அவ்வளவு சின்ன வாக்கியங்கள் நான் அதுவரை எழுதியதே இல்லை.

கடைக்காரர்களை எல்லாம் கடைத்தெருவில் கூட்டி, மடக்கு நாற்காலிமேல் ஏறி நின்று படித்தேன். யாருக்கு எத்தனை சிப்பம் எழுதினேன், நிஜத்தில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக. பன்னிரண்டு சிப்பத்துக்காரர் ஒருவர், தன் கடையில் நிஜமாக இருந்தது ஒரு முறம் புகையிலை என்று நான் படித்ததும், "சபையில இப்பிடியா மானத்த வாங்குவ?" என்று சண்டைக்கு வந்தார். பொய்க்குக் கோபம் வராத மனிதருக்கு நிஜத்துக்கு வந்தது.

அஞ்சலை தன்னுடையதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகுதான் கட்டைவிரல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். மனுவை வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய்ப் பார்த்தார். டின், முறம், மூங்கில் தட்டு, எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டார். யாருக்கும் சீல் விழவில்லை. கம்பெனி கோடவுனுக்கு மறுபடியும் ஆள் போனதாகக் கேள்வி. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏஜெண்டு மட்டும் பாகூர் பக்கம் பிறகு வரவில்லை.

அஞ்சலைக்கு லைசென்ஸ் வந்தது. கடை பிழைத்தது. தபாலில் வந்த காகிதத்தை நேராக என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"படிங்க ரைட்டரே."

படித்தேன். கையிருப்பைத் திருத்தியிருந்தார்கள். பெயரையும் குடும்ப நிலைமையையும் என் முதல் மனுவில் இருந்தபடியே எடுத்து எழுதியிருந்தார்கள். எப்படித் திருத்துவார்கள்? இரண்டாவது மனுவில் நான் சரக்கைப் பற்றித்தானே எழுதியிருந்தேன். கைம்பெண் என்ற அந்த வார்த்தையைச் சபையில் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். "நானா அடிச்சு எழுத முடியாது. புருஷன் உயிரோட இருக்கார்னு கொம்யூன்ல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி, மனுவோட வெச்சு அனுப்புங்க. மாத்திடுவாங்க" என்றார்.

இது எங்கள் ஊரில் அதிசயமான சர்ட்டிபிகேட் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் எல்லாம், தாங்கள் இன்னும் சாகவில்லை என்று மேரியில் வந்து எழுதி வாங்கிப் போவார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு, மெடலைக் குத்திக்கொண்டு வருவார்கள். ஒரு சொல்தா காய்ச்சலில் வர முடியாமல் தன் தம்பியை அனுப்பிவைத்தார். தம்பி உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊரை ஒப்படைக்கும் கடைசிக் கையெழுத்து பாரீசில் இன்னும் விழாததால் அந்த வருஷங்களில் நாங்கள் நிஜத்தில் இந்தியா, காகிதத்தில் பாதி பிரான்சு. இந்தச் சர்ட்டிபிகேட்டுகள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

அரை மணி நேர வேலை. கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும்.

நான் போகவில்லை. ஏன் என்றால், அங்கே உட்கார்ந்திருந்தது மைக்கூட்டுப் பையன். "எதுக்குண்ணா இது?" என்று கேட்பான். நான் சொல்ல வேண்டும். அவன் சிரிப்பான், ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். கடைத்தெருவில் மானம் போனது போதாதா, அவன் முன்னாலுமா என்று நினைத்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

"அடுத்த வாரம் பாக்கலாம் அஞ்சலை" என்றேன். அடுத்த வாரமும் அப்படியே சொன்னேன். கடைக்குச் சரக்கு எடுக்க பாகூர் வரும்போதெல்லாம் அவள் கேட்பாள். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "மறந்துடாதீங்க ரைட்டரே. அந்தக் காகிதம் வூட்ல இருக்க சொல்ல எனக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்பாள்.

கோவிந்தனுக்கு இது வேடிக்கை. "நான்தான் செத்தவனாச்சே, எனக்கு இன்னா அவசரம்? ரைட்டரு மெதுவா எழுதட்டும்" என்பான். சொல்லிவிட்டு இருமுவான்.

வரி வந்தது. சுருட்டு விலை ஏறியது. அந்த ஒற்றைச் சுருட்டும் போய் உழவன் மடிவான் என்று எழுதியிருந்தேனே, யாரும் மடியவில்லை. சிலர் ஐந்து பிடித்த இடத்தில் மூன்று பிடித்தார்கள். கோவிந்தன் மட்டும் குறைக்கவில்லை. கடைக்காரி புருஷன், பலகையிலிருந்து அவன் பாட்டுக்கு எடுத்துக்கொள்வான். அஞ்சலை கையைத் தட்டிவிடுவாள், அவன் இன்னொரு பக்கமாக வந்து எடுப்பான்.

இப்படி மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஓடின. அத்தனை வருஷமும் நான் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த நாள்

ஒரு மழைக்காலத்தில் கோவிந்தனுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. புதுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்ததும் ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தான். இருமல் விடவில்லை. என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சர்ட்டிபிகேட்டுக்கான மனுவை எழுதினேன். நம்ப மாட்டீர்கள், அன்றைக்கே எழுதினேன். சுத்தமாக, ஒரு வார்த்தை கூடக் கூட்டாமல். காலையில் மேரி திறந்ததும் போவதாக இருந்தேன். காலையில் செலியமேட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

கருமாதி முடிந்து சில நாளில் அஞ்சலை என் கடைக்கு வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். இடுப்பிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

"அஞ்சலை, நான்..." என்று ஆரம்பித்தேன். கல்லாப்பெட்டிக்கு அடியில் அந்த மனு இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

"எழுத வேணாம் ரைட்டரே. அதச் சொல்லத்தான் வந்தேன். ஒரே ஒரு தபா படிச்சு மட்டும் காட்டுங்க."

காகிதத்தைக் கையில் எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

"அஞ்சலை" என்று படித்தேன். "கைம்பெண்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், முன்னே கேட்ட மாதிரியே. பிறகு காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப சரியா இருக்குது" என்றாள். ஒரு கட்டு சுருட்டும் இரண்டு கட்டு பீடியும் வாங்கிக்கொண்டு, கடை திறக்க வேண்டும் என்று செலியமேட்டுக்கு நடந்தாள்.